திங்கட்கிழமைக் கூட்டமும் மூடிய உறையும்: ஓக்லஹோமா கவுண்டிகளில் பொதுக் கொள்முதல்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள 77 கவுண்டிகளில் பெரும்பாலானவை கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் எண்ணெய்க் கிணறுகளும் நிறைந்த நாட்டுப்புறங்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் மூன்று ஆணையர்கள் கொண்ட குழு ஆள்கிறது. நிலப்பரப்பு மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஓர் ஆணையரை நான்காண்டுப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கிறது. மேற்குக் கோடியில் உள்ள சிமரான் கவுண்டி 1,800 சதுர மைலுக்கும் மேற்பட்ட பரப்புடையது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,300 பேர்தான். ஆள் அரிதாகவும் சாலை மிகுதியாகவும் உள்ள இத்தகைய கவுண்டிகளில், ஆணையரின் பணியில் பெரும்பகுதி மண்சாலையும் சரளைச்சாலையும் சிறுபாலமுமாகவே கழிகிறது. நில அளவையின்போது மைலுக்கு ஒன்றாகக் கிழிக்கப்பட்ட கோடுகள்மீதே அந்தச் சாலைகள் ஓடுவதால், வரைபடத்தில் கவுண்டி முழுவதும் சதுரக் கட்டங்களாகத் தெரியும். அக்கட்டங்களின் ஓரங்களைச் செப்பனிடத் தேவையான சரளை, டீசல், பாலத்துக்கான மரம், கிரேடர் இயந்திரத்தின் கத்தி, மழைநீர் வடிவதற்காகச் சாலைக்கு அடியில் புதைக்கப்பட்டு, உள்ளூர்ப் பேச்சில் ‘டின் ஹார்ன்’ என்று வழங்கும் நெளிதகட்டுக் குழாய் ஆகியவற்றை வாங்குவதே கவுண்டியின் கொள்முதல் வேலையில் முக்கால் பங்கு.

ஆணையர்களைத் தவிர எழுத்தர், கருவூலர், சொத்துமதிப்பீட்டாளர், ஷெரீப், நீதிமன்ற எழுத்தர் ஆகியோரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்களே. ஆதலால் கவுண்டியில் ஒருவர் மற்றொருவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். இங்கு எழுத்தர் என்பவர் கடிதம் எழுதும் ஊழியர் அல்லர். ஆவணங்களையும் தீர்மானப் புத்தகத்தையும் கொள்முதல் கணக்கையும் தம் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி அவர். வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் ஆணையர் குழுவன்று, எக்சைஸ் போர்டு எனப்படும் மூவர் அடங்கிய தனி வாரியமே. மாநில அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு, 26ஆம் பகுதி, வாக்காளரின் ஒப்புதலின்றி ஓராண்டு வருவாயை மீறிக் கடன்படுவதைத் தடை செய்வதால், ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் நிதியாண்டுக்குள் இருக்கும் பணத்துக்கே பொருள் வாங்க முடியும். பொருளை வாங்குமுன்பே அதற்கான தொகை கணக்கில் ஒதுக்கப்பட்டுக் கொள்முதல் ஆணைக்கு எண் தரப்பட வேண்டும் என்னும் விதி இதிலிருந்தே பிறந்தது. புதிதாகப் பதவிக்கு வரும் ஆணையர் முதலில் சினம் கொள்வது இந்த விதியின்மீதுதான். கிரேடர் பாதி வழியில் நின்றுவிட்ட வேளையில் உதிரிப் பாகத்தை முதலில் எடுத்துக்கொண்டு காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. அவ்வாறு எடுத்துவந்த பாகத்துக்கான பட்டியல் ஆணையின் தேதிக்கு முந்தைய தேதியைத் தாங்கி வரும்போது, அதற்குப் பணம் தர எழுத்தர் மறுப்பதும், தணிக்கையாளர் அதைக் குறையாக எழுதுவதும் கவுண்டி நிர்வாகத்தில் மிகப் பழகிப்போன நிகழ்ச்சிகள்.

இந்த விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கான காரணத்தை அறிய 1980ஆம் ஆண்டை ஒட்டிய நிலைமையை நோக்க வேண்டும். அக்காலத்தில் ஒவ்வோர் ஆணையரும் தம் வட்டாரத்துக்குத் தாமே எல்லாமுமாக இருந்தார். எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்தவரும், விற்பனையாளரிடம் பேசி வாங்கியவரும், பொருள் வந்து சேர்ந்தது என்று கையெழுத்திட்டவரும் ஒரே மனிதர்; பணம் தருவதற்கான ஒப்புதல் குழுவின் கூட்டத்தில் வந்தாலும், ஒருவர் வட்டாரத்துப் பட்டியலை மற்ற இருவரும் கேள்வி கேட்பதில்லை என்பது எழுதப்படாத மரபு. இந்த மரபின் நிழலில் இரு வகை ஊழல்கள் வளர்ந்தன. முதல் வகையில் பொருள் உண்மையாகவே வந்து சேரும். விற்பனையாளர் விலையில் பத்து சதவீதத்தை ஆணையருக்கு ரொக்கமாகக் கமிஷன் தருவார். ‘நீல வானம்’ என்று அத்தொழிலில் இருந்தோரே பெயரிட்டிருந்த இரண்டாம் வகையில் பொருள் வரவே வராது. மரத்துக்கும் குழாய்க்கும் பொய்ப் பட்டியல் எழுதப்பட்டு, கவுண்டி கொடுத்த பணம் விற்பனையாளருக்கும் ஆணையருக்கும் இடையே பங்கிடப்படும்.

கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் வருமானவரித் துறையும் இணைந்து நடத்தி, ‘ஓக்ஸ்கேம்’ என்ற பெயரால் அறியப்பட்ட விசாரணை 1981இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, விற்பனையாளர்களுள் சிலர் ஒத்துழைத்துப் பதிவுக் கருவியை உடலில் மறைத்து வைத்துக்கொண்டே ஆணையர்களிடம் பேரம் பேசியிருந்தது தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பதவியிலிருந்த ஆணையர்களும் முன்னாள் ஆணையர்களும் விற்பனையாளர்களுமாக 200க்கும் மேற்பட்டோர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர் அல்லது தண்டிக்கப்பட்டனர். மாநிலத்தின் பெரும்பான்மைக் கவுண்டிகளை இது தொட்டது, சில இடங்களில் மூன்று ஆணையர்களும் ஒருங்கே பதவியிழந்தனர். தண்டிக்கப்பட்டவர்களில் பலர் ஊரார் மதித்தவர்கள், தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்பவர்கள், வெள்ளத்தில் சாலை அறுந்தால் நள்ளிரவிலும் எழுந்து வருபவர்கள். அவர்களுள் பலருக்கு அந்தப் பத்து சதவீதம், தமக்கு முன்பிருந்தவர் பெற்றுவந்த வழக்கமாகவே தோன்றியிருந்தது. ஆகவே நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளோடு முடிவுக்கு வந்தது.

அதன் விளைவாக எழுந்த சீர்திருத்தத்தின் சாரம் ஒரே ஆளிடம் குவிந்திருந்த வேலையைப் பல கைகளுக்குப் பிரித்ததுதான். பொருள் வேண்டும் என்று கோருபவர் ஒருவர்; அக்கோரிக்கையைப் பெற்று, நிதி இருக்கிறதா என்று பார்த்து, விலை கேட்டு வாங்குபவர் கொள்முதல் அலுவலராகிய எழுத்தரோ அவருடைய உதவியாளரோ; பொருள் வந்திறங்கும்போது எண்ணியும் எடை பார்த்தும் பெறுதல் அறிக்கையில் கையெழுத்திடுபவர், கோரியவர் அல்லாத இன்னொரு ஊழியர்; கோரிக்கை, ஆணை, பெறுதல் அறிக்கை, விற்பனையாளரின் பட்டியல் ஆகிய நான்கும் ஒத்திருந்தால் மட்டுமே பணம் தர ஒப்புபவர்கள் மூன்று ஆணையர்கள். சாலையில் கொட்டிய சரளைக்கும், பாலத்தில் அறைந்த மரத்துக்கும்கூட எந்தத் தேதியில் எந்தச் சாலையில் எவ்வளவு செலவானது என்ற இருப்புக் கணக்கு எழுதப்பட வேண்டும் என்றும், இதற்கான படிவங்களை மாநிலத் தணிக்கை அலுவலகமே வகுத்துத் தரும் என்றும் ஆயிற்று. வட்டாரத்துச் சாலைப் பணியாளர் கூடும் பணிமனைகளுக்கு அந்தப் படிவங்கள் முதன்முதலாக வந்தபோது எழுந்த முணுமுணுப்பை அக்கால ஊழியர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அதுவரை பேனா பிடிக்கத் தேவையில்லாத கைகள் லாரி எண்ணையும் டன் கணக்கையும் எழுத வேண்டியிருந்தது.

காகிதத்தில் நான்கு கைகள் என்று எழுதுவது எளிது. மொத்தம் ஐந்தாறு பேர் வேலை செய்யும் பணிமனையில் அதை நடைமுறையாக்குவது அப்படியன்று. பெறுதல் அலுவலராகக் குறிக்கப்பட்டவர் விடுப்பில் போன நாளில் டீசல் லாரி வந்துவிட்டால் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி, கொள்முதல் மேசையில் நெடுங்காலம் இருந்தோர் அனைவரும் சந்தித்தது. கோரிய மேற்பார்வையாளரே பெறுதலிலும் கையெழுத்திட்டு அனுப்பிய தாள்கள் எழுத்தரின் மேசைக்கு வந்ததும் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. அதனால் விற்பனையாளருக்கு ஒரு வாரம் தாமதமாகப் பணம் கிடைத்து, ஆணையர் எழுத்தரோடு பேசாமல் இருந்ததுமுண்டு. தேர்தலில் ஒரே கட்சிச் சீட்டில் நின்றவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், பிள்ளைகளை ஒரே கால்பந்து அணிக்கு அனுப்புபவர்கள் இவ்வாறு ஒருவரை ஒருவர் தடுக்க வேண்டியிருப்பதே சிற்றூர் நிர்வாகத்தின் கடினமான பகுதி. பெருநகரத்தில் முகமறியா அதிகாரி ஒருவர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இங்கு அதை எழுதியவரைத்தான் மாலையில் மளிகைக் கடையில் சந்திக்க நேரும். எழுத்தர் பதவியும் தேர்தலால் வருவதாக வைத்த ஏற்பாட்டின் பயன் அத்தகைய நாட்களில்தான் விளங்குகிறது: ஆணையரின் சினம் எழுத்தரின் வேலையைப் பறிக்க முடியாது.

ஆணையர் குழு பெரும்பாலான கவுண்டிகளில் திங்கட்கிழமை காலை நீதிமன்றக் கட்டடத்தில் கூடுகிறது. 1977ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டத்தின்படி, கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்கள் அனைத்தும், வார இறுதியையும் விடுமுறையையும் கணக்கில் சேர்க்காமல், 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே திங்கள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தின் பொருள் நிரல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குள் கதவில் ஏறியாக வேண்டும். வெள்ளி மதியம் நினைவுக்கு வந்த காரியம் எவ்வளவு அவசியமானாலும் அடுத்த வாரத்துக்குப் போகும்; முன்கூட்டி அறிந்திருக்க இயலாத செய்திக்கு மட்டுமே விலக்கு உண்டு. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளை ஏற்றல், கொள்முதல் ஆணைகளுக்கு ஒப்புதல், கணக்குத் தலைப்புகளுக்கு இடையே நிதி மாற்றம், அலுவலர்களின் மாத அறிக்கை, எண்ணெய்க் குழாயோ நீர்க்குழாயோ சாலையைக் கடக்க அனுமதி, வறண்ட மாதங்களில் வெளியில் தீ மூட்டத் தடை, ஒப்பந்தப்புள்ளி திறப்பு என்று நீளும் அந்த நிரலை வெளியார் பார்த்தால் சலிப்பாகத் தோன்றலாம். கவுண்டியின் பணம் ஒவ்வொரு டாலராக வெளியேறும் வாசல் அதுதான்.

மூவர் குழுவில் இருவர் கூடினாலே தீர்மானம் நிறைவேற்றப் போதுமான எண்ணிக்கை ஆகிவிடுவதால், அவ்விருவரும் கூட்டத்துக்கு வெளியே கவுண்டிக் காரியத்தைப் பேசுவதே சட்டத்தை மீறுவதாகிவிடும். காப்பிக் கடையிலும் மாட்டுச் சந்தையிலும் இறுதிச் சடங்கிலும் அன்றாடம் சந்திக்கும் மனிதர்களுக்கு இது வாழ்க்கை முறையையே மாற்றச் சொல்லும் விதி. முற்காலத்து ஆணையர்கள் முடிவைக் காப்பிக் கடையில் எடுத்துவிட்டுக் கூட்டத்தில் கை தூக்க மட்டுமே வந்தார்கள் என்பதைப் பழைய ஊழியர்கள் மறைப்பதில்லை. சட்டம் வந்த பின்பும் அப்பழக்கம் மறையப் பல ஆண்டுகள் ஆயின. வேண்டுமென்றே இவ்விதியை மீறி எடுத்த முடிவு செல்லாது என்பதும், மீறியவருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு என்பதும் மாவட்ட வழக்கறிஞரால் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட பிறகே, ஓர் ஆணையர் உள்ளே நுழைந்ததைக் கண்டு மற்றவர் பேச்சை வானிலைக்கு மாற்றும் பழக்கம் வேரூன்றியது.

கொள்முதலில் மிக நுட்பமான பகுதி, பெரும் பாலமோ புதுக் கட்டடமோ அன்று, சரளையே. எந்நாளும் தேவைப்படும் சரளை, தார்க் கலவை, குழாய், எரிபொருள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஒப்பந்தப்புள்ளி கோர இயலாது என்பதால், ஆறு மாதம் போன்ற குறிப்பிட்ட காலத்துக்கு நிலையான விலை கேட்டு மூடிய உறைகளைப் பெற்று, அவ்விலைப் பட்டியலிலிருந்தே அக்காலம் முழுவதும் வாங்கிக்கொள்வது வழக்கம். சட்டம் ‘மிகக் குறைந்ததும் மிகச் சிறந்ததும்’ ஆன விலையை ஏற்கச் சொல்கிறது. மிகக் குறைந்த விலையைத் தள்ளினால் அதற்கான காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்கிறது. குவாரி வாயிலில் ஒரு டன்னுக்கு இரண்டு டாலர் குறைவாகக் கேட்டவரின் குவாரி வடகோடியில் இருந்து, சாலையோ தென்கோடியில் இருந்தால், முப்பது நாற்பது மைல் லாரி ஓடும் டீசலும் ஓட்டுநரின் நேரமும் அந்த இரண்டு டாலரை விழுங்கிவிடும். ஆகவே பல கவுண்டிகள் தகுதியான எல்லா விலைகளையும் ஏற்றுக்கொண்டு, வேலை நடக்கும் இடத்துக்கு எது மலிவாக அமைகிறதோ அதை எடுப்பது என்று தீர்மானிக்கின்றன. இந்த ஏற்பாடு நியாயமானது. ஆயினும் ஆணையர் தமக்குப் பிடித்த குவாரியிடமே எப்போதும் போவதற்கும் இதே ஏற்பாடு இடம் தருகிறது. தூரத்தைக் கணக்கிட்டு ஒரு வரி எழுதி வைத்த கவுண்டியும், ‘இருப்பிடத்தையும் கிடைப்பையும் கருதி’ என்ற சொற்றொடரை ஆண்டுதோறும் படியெடுத்து ஒட்டிய கவுண்டியும் தணிக்கையின்போது ஒரே மாதிரி நிற்க முடிவதில்லை. தோற்ற குவாரிக்காரர் ஒருவர் கூட்டத்துக்கு வந்து காரணம் கேட்டபோது, மைல் கணக்கை எடுத்துக் காட்ட முடிந்த இடங்களில் அவர் மனம் கசந்தாலும் அடுத்த முறையும் விலை கொடுத்தார்; காட்ட முடியாத இடங்களில் அவர் திரும்ப வரவேயில்லை, மிஞ்சிய ஒரே குவாரியின் விலை ஏறியது.

கிரேடர் வாங்குவதில் வேறு விதச் சிக்கல். சாலையைச் சமன்படுத்தும் இந்த இயந்திரம் ஒரு வட்டாரத்தின் ஆண்டு நிதியில் பெரும்பங்கை விழுங்கக்கூடியது. அதன் ஓட்டுநர்களோ ஒரு குறிப்பிட்ட தயாரிப்பின்மீது குடும்பப் பற்றுப் போன்ற பற்றுக் கொண்டவர்கள். முன்பெல்லாம் விரும்பிய இயந்திரத்தின் அளவுகளையே அப்படியே தேவைக் குறிப்பாக எழுதி, மற்றவர் நுழைய முடியாதபடி செய்துவிடுவதுண்டு. எந்திரத்தின் எடையும் கத்தியின் நீளமும் ஓர் அங்குலம் பிசகாமல் ஒரே நிறுவனத்தின் விளம்பரத் தாளோடு ஒத்துப்போனால், அந்தக் குறிப்பு எங்கே எழுதப்பட்டது என்பதை அறிய அதிக ஆராய்ச்சி தேவையில்லை. பிற்காலத்தில் வாங்கும் விலையை மட்டும் பாராமல், ஐந்தாண்டுப் பழுதுச் செலவுக்கு உத்தரவாதமும், அக்காலம் முடிந்ததும் விற்பனையாளரே திரும்ப வாங்கிக்கொள்ளும் தொகையும் சேர்த்து மொத்தச் செலவை ஒப்பிடும் முறை பரவியது. இது கவுண்டிகளுக்கு உண்மையான நன்மை செய்த மாற்றம். ஆண்டு வருவாயை மீறிக் கடன்படக் கூடாது என்பதால், தவணையில் வாங்கும் ஒப்பந்தமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வாடகையாகவே எழுதப்படுகிறது; அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கப்படாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும்.

கட்டடமும் பாலமும் 1974ஆம் ஆண்டின் பொதுப் போட்டி ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அறிவிப்பு உள்ளூர் வார இதழில் அடுத்தடுத்த இரு வாரங்கள் வெளிவர வேண்டும். விலையோடு அதன் ஐந்து சதவீதம் பிணையாக வைக்கப்பட வேண்டும். வேலை கிடைத்தவர் வேலையை முடிப்பதற்கும், கூலியும் பொருளும் தந்தவர்களுக்குப் பணம் கொடுப்பதற்கும், ஓராண்டுக்குள் தோன்றும் குறைகளைச் சீர்செய்வதற்கும் தனித்தனி உத்தரவாதப் பத்திரம் தர வேண்டும். இச்சட்டத்தில் புதியவர்கள் வியக்கும் ஒரு விதி உண்டு: திறக்கும் நேரத்துக்குப் பிந்தி வந்த உறை மட்டுமன்றி, விடுமுறை நீங்கலாக 96 மணி நேரத்துக்கு முந்தி வந்த உறையும் ஏற்கப்படாமல் பிரிக்கப்படாமலேயே திருப்பித் தரப்படும். சுறுசுறுப்பாக முன்கூட்டி வந்தவரைத் தண்டிப்பது போலத் தோன்றும் இவ்விதி, அலுவலக மேசை இழுப்பறையில் பல நாள் கிடக்கும் உறையைக் குறித்துச் சந்தேகம் எழவே இடம் வைப்பதில்லை.

பிந்தி வந்த உறைதான் மனத்தை வருத்துவது. அடைமழையில் நூறு மைல் ஓட்டிவந்த ஒப்பந்தக்காரர் இரண்டு நிமிடம் பிந்திப் படியேறி வந்ததும், அவருடைய விலை குறைவாக இருக்கும் என்று அறையில் இருந்த அனைவருக்கும் தோன்றியதும், ஒரே ஓர் உறைதான் அதற்குமுன் வந்திருந்ததும் ஒருசேர நேர்ந்த நாட்கள் உண்டு. அந்த உறையைத் திறக்காமல் திருப்பித் தந்த எழுத்தர்கள் அன்று கல்நெஞ்சர் என்று பேர் வாங்கினாலும், அதன் பிறகு அந்தக் கவுண்டியில் சுவர்க் கடிகாரம் எதைக் காட்டுகிறது என்று எவரும் வாதிட்டதில்லை. ஒருமுறை இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்த இடத்தில் அடுத்த முறை பத்து நிமிடம் கேட்கப்பட்டது. மறுக்கப்பட்டவர் வழக்கறிஞரோடு வந்தார்.

சட்டத்தின் வரம்புத் தொகைக்குக் கீழே வேலையைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்ப்பது குற்றம் என்று எழுதப்பட்டிருந்தும், அதுவே மிகப் பரவலான சறுக்கல். பல நேரங்களில் அதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. கூரையை இந்த மாதமும் வடிகாலை அடுத்த மாதமும் செய்யலாம் என்று பணத் தட்டுப்பாட்டில் பிரித்த வேலை, தாளில் பார்க்கையில் ஒரே ஒப்பந்தக்காரருக்கு வரம்புக்குச் சற்றுக் கீழான இரு தொகைகளாகத் தெரியும். வேலை தொடங்கிய பின் வரும் மாற்ற ஆணைகளுக்கும் எல்லை உண்டு: பத்து லட்சம் டாலருக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் அவற்றின் கூட்டுத்தொகை 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறைந்த விலை கேட்டு நுழைந்து, தோண்டும்போது பாறை வந்தது என்று தொகையை உயர்த்தும் பழைய உத்திக்கு இந்த எல்லையே அணை.

பேரிடர் காலம் இந்த ஒழுங்கையெல்லாம் சோதித்துவிடுகிறது. 2007 டிசம்பரில் பெய்த பனிக்கட்டி மழையில் மரங்களும் மின்கம்பிகளும் முறிந்து, மாநிலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தபோது, நெருக்கடி நிலையைத் தீர்மானமாக நிறைவேற்றிப் போட்டியின்றி ஆள் அமர்த்தச் சட்டமே வழிவிட்டது. ஆனால் முறிந்த கிளைகளை அகற்றிய செலவில் பெரும்பகுதியைப் பின்னர்த் திருப்பித் தர வேண்டியது கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபீமா. அதன் விதிகளோ செலவு கூடக்கூட ஒப்பந்தக்காரரின் இலாபமும் விழுக்காட்டில் கூடும் ஒப்பந்தத்தை அடியோடு ஏற்பதில்லை. எந்த லாரி எத்தனை சுமை எந்தச் சாலையிலிருந்து எடுத்தது என்று அன்றன்றே எழுதி வைத்த கவுண்டிகள் பணத்தை மீட்டன. எழுதி வைக்காதவை ஆண்டுகள் கழித்து வந்த தணிக்கையில் தடுமாறின. சாலைப் பணியாளருக்குக் கசந்த அந்த 1980களின் படிவப் பழக்கம் இங்கே கைகொடுத்தது.

பாலங்களைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது. கவுண்டிச் சாலைகளுக்கும் பாலங்களுக்குமான மாநிலத் திட்டம் 2006இல் உருவானபோது ஐந்தாண்டு முன்னோக்கிய பட்டியல் வந்தது. கவுண்டிகள் கூட்டாக அமைத்துக்கொண்ட எட்டுப் பொறியியல் மண்டலங்கள், தனியாகப் பொறியாளர் வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு கவுண்டிகளுக்கும் வரைபடமும் மதிப்பீடும் தந்தன. ஓக்லஹோமா சிட்டியின் ஊடாகச் சென்ற ஐ-40 நெடுஞ்சாலையின் பழைய மேம்பாலம் 2012இல் மூடப்பட்டுப் பிரிக்கப்பட்டபோது, அதிலிருந்து கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஃகு உத்திரங்கள் கவுண்டிகளுக்கு வழங்கப்பட்டு, நாட்டுப்புற ஓடைகளின்மேல் பாலங்களாயின. நகரத்தின் கழிவு கிராமத்துக்குச் செல்வமான இந்த ஏற்பாடு கவுண்டிப் பொதுப்பணியின் வரலாற்றில் போற்றத்தக்க ஒன்று. விலை கொடுத்து வாங்கியிருந்தால் பல பாலங்கள் இன்னும் மரக்கட்டைகளின்மேலேயே நின்றிருக்கும்.

கவலை தரும் மாற்றங்களும் உண்டு. அறிவிப்பு வெளியிடும் உள்ளூர் வார இதழ்கள் மெலிந்து வருகின்றன. பக்கத்துக் கவுண்டி ஒப்பந்தக்காரர் படிக்காத இதழில் வந்த அறிவிப்பு சட்டத்தை நிறைவு செய்யுமேயன்றிப் போட்டியை உண்டாக்குவதில்லை. ஒரே ஓர் உறை வரும் கூட்டங்கள் பெருகியுள்ளன. அனுபவமுள்ள கொள்முதல் உதவியாளர்கள் இதழ் அறிவிப்போடு நின்றுவிடாமல், சென்ற ஐந்தாண்டுகளில் விலை கொடுத்தோர் அனைவருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியை அனுப்பி, அனுப்பியதற்குச் சான்றையும் கோப்பில் வைக்கின்றனர். சட்டம் வற்புறுத்தாத இந்தச் சிறு உழைப்பு ஓர் உறையை மூன்றாக்கியதைப் பலர் கண்டுள்ளனர். மாநில அரசு பேசி முடித்த விலைப் பட்டியலிலிருந்து நேரே வாங்கிக்கொள்ளும் வசதி வாகனம், கணினி போன்றவற்றில் நேரத்தை மிச்சப்படுத்தினாலும், உள்ளூர் விற்பனையாளர் அதில் இடம்பெறுவது அரிது.

2020இல் பெருந்தொற்றின்போது கூட்டங்களைக் காணொளி வழியே நடத்தச் சட்டம் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. மறு ஆண்டு நிறைவேறிய மீட்புத் திட்டச் சட்டம் நாடு முழுவதுமுள்ள கவுண்டிகளுக்கு 6,510 கோடி டாலரை மக்கள்தொகைப்படி பகிர்ந்தளித்தது. எண்ணெய் விலை இறங்கினாலே சாலை நிதி சுருங்கும் கவுண்டிகளுக்கு அப்படிப்பட்ட தொகை முன்பு வந்ததில்லை. அதை 2024 முடிவுக்குள் ஒப்பந்தங்களாக உறுதி செய்து 2026 முடிவுக்குள் செலவிட வேண்டும் என்ற கெடு, சிறு அலுவலகங்களின்மேல் பெருஞ்சுமையாக விழுந்தது.

இதே காலப்பகுதியில் மூடிய உறை தேவைப்படும் வரம்புத் தொகையையும் சட்டமன்றம் பலமுறை உயர்த்தியுள்ளது. ஒரு காலத்தில் சில ஆயிரம் டாலராக இருந்த வரம்பு இன்று பல்லாயிரமாக உள்ளது. விலைவாசியைக் கருதினால் இந்த உயர்வில் பெரும்பகுதி நியாயமானதே. டிராக்டர் டயர் வாங்க மூன்று வாரம் காத்திருப்பதில் எவருக்கும் நன்மையில்லை. ஆனால் வரம்பு உயர உயரத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பலர் முன்னிலையில் பிரிக்கப்படும் உறைகள் குறைந்து, தொலைபேசியில் கேட்டுப் பெறும் விலைகள் பெருகும் என்பதால், பொருளைப் பெற்றுக் கையெழுத்திடும் அந்தத் தனி ஊழியரின் பொறுப்பு முன்னைவிடக் கூடியுள்ளது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கோருபவரும் பெறுபவரும் ஒருவராகவே இருக்கலாம் என்று கேட்கும் கோரிக்கைகள் அவ்வப்போது எழுகின்றன. வரம்பை இன்னும் உயர்த்தினாலும் உயர்த்தலாம், இந்த ஒன்றுக்கு மட்டும் சட்டமன்றம் இணங்கக் கூடாது.